நூல்களுக்கு முகவரி எழுதியவர்கள்



நூலகம் ஒன்றினுள் நுழையும் வாசகர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார். நான் தேடும் நூல் இங்கே இருக்கிறதா என்பது முதலாவது கேள்வி. இருக்கிறதென்றால் எந்த இடத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. முதலாவது கேள்விக்கு விடை சொல்வது நூற்பட்டியல். இரண்டாவதற்கு விடை சொல்வது இறாக்கைகளில் நூல்களை அடுக்கும் ஒழுங்கு. இவற்றை நூலகவியலார் பட்டியலாக்கம் என்றும் பகுப்பாக்கம் என்றும் வழங்குவர். கேட்பதற்குச் சின்னஞ்சிறு கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு விடை காண மனித குலம் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறது. அந்த நெடிய வரலாற்றையும், அதிலிருந்து நாம் பெற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றையும் இன்று பார்ப்போம்.

இன்றைய ஈராக்கில் நிப்பூர் என்றொரு பண்டைய சுமேரிய நகரம் இருந்தது. அங்கே கண்டெடுக்கப்பட்ட களிமண் வில்லைகளில் ஒன்று, கி.மு. 2000ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பல்கலைக்கழக நூதனசாலையைச் சென்றடைந்தது. அதன் நீளம் இரண்டரை அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்த வில்லையை ஆராய்ந்த சாமுவேல் நோவா கிரேமர் என்ற அறிஞர், அது 62 இலக்கியப் படைப்புகளின் பட்டியல் என்று கண்டறிந்தார். அக்காலத்தில் நூலுக்குத் தனியாகத் தலைப்பு இடும் வழக்கம் இருக்கவில்லை. முதலடியின் சொற்களே நூலின் பெயராக நின்றன. தேவாரப் பதிப்புகளின் இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதியைப் புரட்டிப் பழகிய நமக்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது.

அதன் பின்னர் கி.மு. ஏழாம் நூற்றாண்டிலே நினேவே நகரத்தில் அசூர்பானிபால் என்ற அசீரிய மன்னன் பெரியதொரு நூற்சேகரத்தை உருவாக்கினான். ஒரு நூல் பல களிமண் பலகைகளில் தொடரும்போது, ஒவ்வொரு பலகையின் அடியிலும் நூலின் பெயர், அது எத்தனையாவது பலகை, அடுத்த பலகையின் முதல் வரி என்ன என்பவற்றைப் பொறித்து வைத்தார்கள். கலைந்துபோனாலும் மீண்டும் வரிசைப்படுத்திவிடலாம். கி.மு. 612இல் நினேவே வீழ்ந்தபோது அரண்மனை தீக்கிரையானது. ஆனால் களிமண் தீயில் வெந்து மேலும் இறுகியது. அதனாலேதான் அப்பலகைகள் இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றன. தாளுக்கும் ஓலைக்கும் அத்தகைய பாக்கியம் வாய்ப்பதில்லை.

பட்டியலாக்கத்தின் தந்தை என்று பலரும் போற்றுபவர் கலிமாக்கஸ் என்ற கிரேக்கக் கவிஞர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், எகிப்திலுள்ள அலெக்சாந்திரியா நூலகத்தை ஆதாரமாகக் கொண்டு பினாக்கெஸ் என்னும் பட்டியலை அவர் தொகுத்தார். அது 120 சுருள்களில் அமைந்தது. நூலாசிரியர்களைக் கவிதை, நாடகம், வரலாறு, மெய்யியல் என்றவாறு துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரது வாழ்க்கைக் குறிப்பையும், நூலின் முதலடியையும், மொத்த வரிகளின் எண்ணிக்கையையும் அதில் குறித்திருந்தார். இன்று அலெக்சாந்திரியா நூலகமும் இல்லை, பினாக்கெசும் இல்லை. பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட சில துணுக்குகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அந்த நூலகத்தில் என்னென்ன இருந்தன என்பதை நாம் முழுமையாக அறிய முடியாமற் போனமைக்கு இதுவே காரணம்.

சீனத்திலே நிலைமை வேறாக இருந்தது. ஹான் வம்சத்துப் பேரரசரின் ஆணைப்படி லியூ ஸியாங் என்ற அறிஞர் கி.மு. 26இல் அரண்மனை நூல்களைச் சரிபார்த்து விவரணம் எழுதத் தொடங்கினார். மூங்கிற் கீற்றுகளில் எழுதப்பட்ட நூல்கள் அவை. அவருடைய மறைவுக்குப் பின் மகன் லியூ ஸின் அப்பணியை நிறைவு செய்தார். சில பத்தாண்டுகளில், கி.பி. 23இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பின்போது அரண்மனை நூல்கள் அழிந்தன. மகனார் எழுதிய பட்டியலின் மூலமும் பின்னர் மறைந்துபோயிற்று. எனினும் பான் கூ என்ற வரலாற்றாசிரியர் அதனைச் சுருக்கித் தமது ஹான் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகச் சேர்த்து வைத்திருந்தார். அதிலே 13,269 சுருள்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆயினும் இழந்தது இன்னதென்று சீனர்களால் சொல்ல முடிகிறது.

பாக்தாத் நகரமும் இதற்கு இன்னொரு சான்று. அங்கே நூல்களைப் பிரதிசெய்து விற்கும் தொழிலில் இருந்த இப்னு அல்-நதீம் என்பவர் 987ஆம் ஆண்டில் அல்-பிஹ்ரிஸ்த் என்ற நூலை எழுதினார். பிஹ்ரிஸ்த் என்றாலே பட்டியல் என்றுதான் பொருள். அரபு மொழியில் வழங்கிய நூல்களைப் பத்துப் பகுதிகளாக வகுத்து, ஆசிரியர்களைப் பற்றிய செய்திகளோடு அவர் தந்திருக்கிறார். அதிலே சொல்லப்பட்ட நூல்களிற் பெரும்பகுதி பிற்காலத்தில் மறைந்துவிட்டது. ஒரு புத்தக வியாபாரியின் ஏடு, ஒரு நாகரிகத்தின் மரண சாசனமாகவும் பிறப்புப் பத்திரமாகவும் நின்று பயன்படுகிறது.

இதுவரை நாம் பார்த்தவை யாவும் என்ன இருக்கிறது என்ற முதலாவது கேள்விக்கான விடைகள். எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இனி வருவோம்.

நூல்களைச் செங்குத்தாக நிறுத்தி, முதுகுப் புறத்தில் பெயர் தெரிய அடுக்குவது ஆதியிலிருந்தே வந்த வழக்கம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. ஏட்டுச் சுவடிக்கு முதுகே இல்லை. அதனைச் சட்டமிட்டுக் கட்டிக் கிடையாகத்தான் வைக்க முடியும். ஐரோப்பாவில் மத்திய காலத்து நூலகங்களில் அரிய நூல்களைச் சங்கிலியால் இறாக்கையோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹெரபோர்ட் தேவாலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். அங்கே சங்கிலி அட்டையின் முன்விளிம்பில் பொருத்தப்பட்டிருப்பதால் நூலின் முதுகு உட்புறமாகவும் தாள்களின் விளிம்பு வெளிப்புறமாகவும் இருக்கும். முதுகைப் பார்த்து நூலை அறிய வழியில்லை. ஆகவே அந்த இறாக்கையில் உள்ள நூல்களின் பெயர்களை எழுதி இறாக்கையின் பக்கவாட்டில் மாட்டி வைத்தார்கள்.

நூல்கள் குறைவாக இருந்த காலத்தில் இது போதுமானதாக இருந்தது. பாரிஸ் நகரின் சோர்போன் கல்லூரி 1338இல் தயாரித்த பட்டியலில் இருந்தவை 1,722 நூல்கள் மட்டுமே. அச்சியந்திரம் வந்த பின்னர் நூல்கள் பெருகின. ஒவ்வொரு நூலுக்கும் நிலையானதோர் இடத்தைக் குறித்து வைப்பது வழக்கமாயிற்று. இத்தனையாவது அலுமாரி, இத்தனையாவது தட்டு, இடமிருந்து இத்தனையாவது நூல் என்பதே அதன் முகவரி.

இதற்குச் சுவையான உதாரணம் ஒன்று உண்டு. 1631இல் காலமான சேர் றொபேட் கொட்டன் என்ற ஆங்கிலப் பிரபு கையெழுத்துப் பிரதிகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவருடைய நூலகத்து அலுமாரிகளின் உச்சியில் உரோமப் பேரரசர்களின் மார்பளவுச் சிலைகள் இருந்தன. எந்தப் பேரரசரின் அலுமாரி, எந்தத் தட்டு, எத்தனையாவது நூல் என்பதே அங்கு முகவரி. ஆங்கிலத்தின் ஆதி காவியமாகிய பேவுல்ப் இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு கையெழுத்துப் பிரதியில்தான். அந்தப் பிரதி பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதன் முகவரி விற்றெல்லியஸ், ஏ, 15 என்பதாகும். அதாவது விற்றெல்லியஸ் பேரரசரின் அலுமாரி, முதலாவது தட்டு, பதினைந்தாவது நூல். அந்த அலுமாரி இல்லாமற் போய்ப் பல காலமாகிவிட்டது. முகவரி மட்டும் நிலைத்துவிட்டது.

நிலையான இடம் என்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நூல்கள் பெருகிப் புதிய அலுமாரி வாங்கினால் பழைய முகவரிகள் எல்லாம் பொய்த்துப் போகும். ஒரு பொருள் பற்றிப் புதிதாக வரும் நூலை, அதே பொருள் பற்றிய பழைய நூலுக்குப் பக்கத்தில் வைக்க இடமிராது. ஏடாகக் கட்டப்பட்ட பட்டியலிலும் இதே தொல்லை. இரண்டு வரிகளுக்கு நடுவில் மூன்றாவதை நுழைப்பது எப்படி?

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிரான்சியப் புரட்சியின்போது திருச்சபையிடமிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் பறிமுதல் செய்யப்பட்ட நூல்கள் நாடெங்கும் குவிந்தன. அவற்றைப் பட்டியற்படுத்துமாறு 1791இல் அரசு கட்டளையிட்டது. ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனிச் சீட்டு எழுத வேண்டும். அதற்கு விளையாட்டுக் கடுதாசிகள் பயன்படுத்தப்பட்டன. அந்நாளில் அவற்றின் பின்புறம் வெறுமையாக இருந்தது. இராசாவும் இராணியும் இருந்த சீட்டின் மறுபுறத்தில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் ஏறின. சீட்டுகளை எத்தனை தடவையும் மாற்றி அடுக்கலாம். பிற்காலத்தில் உலகத்து நூலகங்களின் லாச்சிகளை எல்லாம் நிரப்பிய பட்டியல் அட்டைக்கு இதுவே முன்னோடி.

அடுத்து ஒழுங்குவிதிகள் பிறந்தன. இத்தாலியிலிருந்து அரசியல் காரணங்களால் தப்பியோடி இலண்டன் வந்து, பிரித்தானிய நூதனசாலையிற் பணிபுரிந்த அந்தோனியோ பனிற்சி 1841இல் பட்டியலாக்கத்திற்கென 91 விதிகளை வெளியிட்டார். ஒரு நூலுக்கு இத்தனை விதிகளா என்று பரிகசித்தவர்கள் உண்டு. விசாரணை ஆணைக்குழு ஒன்றின் முன் நின்று அவர் தமது முறையை நியாயப்படுத்த வேண்டியிருந்தது. ஏழை மாணவனுக்கும் நாட்டின் பெருஞ்செல்வந்தனுக்கும் நூலகம் ஒரே வசதியைத் தரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. தேடுபவனுக்கு ஆளுதவியும் செல்வாக்கும் இல்லாதபோது பட்டியல்தான் அவனுக்குத் துணை.

விதிகள் எதற்கு என்பது நம்முடைய பெயர்களைப் பார்த்தாலே விளங்கும். ஆறுமுக நாவலரின் நூல் ஒன்றை ஒருவர் ஆறுமுகம் என்பதன் கீழ்ப் பதிகிறார், இன்னொருவர் நாவலர் என்பதன் கீழ்ப் பதிகிறார். தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம்மவர் பெயரை, குடும்பப் பெயருள்ள மேனாட்டார் வழக்கப்படி திருப்பி எழுதுவோரும் உளர். விதி ஒன்று இல்லாவிட்டால் நூல் தட்டிலே இருக்கும், பட்டியலில் அகப்படாது. வாசகர் இல்லை என்று எண்ணித் திரும்பிவிடுவார்.

1876ஆம் ஆண்டு நூலக வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அமெரிக்கரான மெல்வில் டூயி தமது தசமப் பகுப்பு முறையை ஒரு சிறு நூலாக, ஆசிரியர் பெயர் குறிக்காமலே வெளியிட்டார். அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாகவும், ஒவ்வொன்றையும் பத்துப் பிரிவுகளாகவும், அவற்றை மீண்டும் பத்தாகவும் பிரித்து எண் கொடுத்தார். இந்த எண் அலுமாரியைக் குறிப்பதன்று, நூலின் பொருளைக் குறிப்பது. எண் நூலோடு பயணம் செய்யும். நூலகத்தை இடம் மாற்றினாலும், புதிய இறாக்கைகள் சேர்த்தாலும் நூலுக்கு நூல் உள்ள வரிசை மாறாது. நிலையான இடம் போய்ச் சார்பு நிலை இடம் வந்தது.

ஆயினும் டூயி அறிவுலகத்தைத் தமது யன்னலிலிருந்து பார்த்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சமயத்துக்கு அவர் ஒதுக்கியது 200 முதல் 299 வரையான எண்கள். அவற்றிற் பெரும்பகுதியைக் கிறிஸ்தவம் பெற்றுக்கொண்டது. இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம் உள்ளிட்ட உலகின் ஏனைய சமயங்கள் யாவும் 290க்குள் நெருக்கி இருத்தப்பட்டன. இலக்கியத்திலும் ஆங்கிலத்துக்கு 820 என்று ஒரு முழுப் பிரிவு. தமிழ் இலக்கியமோ ஏனைய மொழிகள் என்ற 890இல், 894.811 என்று தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கிறது. தமிழ் நூல்களே நிறைந்த ஒரு வாசிகசாலையில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். முன்னேயுள்ள எண்கள் வெறுமையாகக் கிடக்க, ஓர் எண்ணுக்குள் நூற்றுக்கணக்கான நூல்கள் நெரிபடும். இறாக்கை ஒழுங்கு என்பதும் ஓர் உலக நோக்குத்தான்.

இக்குறையைக் கண்டு வேறொரு பாதை சமைத்தவர் ஒரு தமிழர். 1892இல் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமனம் பெற்றார். வாசகர் அரவமற்ற அந்த நூலகத்தின் தனிமை அவருக்குச் சில நாட்களிலேயே சலித்துவிட்டது. கற்பித்தலுக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டார். முதலில் இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வாரும், பிறகு பார்ப்போம் என்றார்கள். சென்றார். திரும்பி வந்தவர் நூலகத்தை விட்டு நீங்கவேயில்லை.

இலண்டனில் அவர் டூயியின் முறையைக் கற்றபோது மனநிறைவு கொள்ளவில்லை. ஒருநாள் பெரிய கடை ஒன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட உலோகத் துண்டுகளும் ஆணிகளும் கொண்ட பெட்டி அது. அதே துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பொருத்தி வெவ்வேறு உருவங்களைச் செய்துகொள்ளலாம். நூலின் எண்ணையும் அவ்வாறே துண்டு துண்டாகப் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதிலிருந்து எழுந்ததுதான் 1933இல் வெளியான கோலன் பகுப்பு. துண்டுகளைப் பொருத்தும் ஆணியாக முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால், அதன் ஆங்கிலப் பெயரே முறைக்கும் பெயராயிற்று.

1950களில் இந்தியாவில் நுரையீரற் காசநோய்க்கு எக்ஸ் கதிர் கொண்டு செய்த சிகிச்சை பற்றி ஒரு நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டூயியின் முறை அதற்குப் பொருத்தமான ஆயத்த எண் ஒன்றைத் தேடும். ரங்கநாதனோ மருத்துவம் என்ற துறைக்குள், உறுப்பு எது, நோய் எது, செயல் எது, நாடு எது, காலம் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளை இணைத்து எண்ணை உருவாக்குவார். நாளை தோன்றப்போகும் பொருளுக்கும் இதில் இடமுண்டு. உலக நூலகங்களின் இறாக்கைகளில் டூயியே பெரும்பாலும் வென்றார் என்பது உண்மை. ஆனால் பகுப்பாய்வு பற்றிய சிந்தனையில் ரங்கநாதனின் செல்வாக்கு உலகெங்கும் பரவியது.

இந்த ரங்கநாதனின் கை நம் மண்ணிலும் பட்டிருக்கிறது. 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தமது வீட்டில் ஆரம்பித்த சிறு முயற்சி, 1934இல் 844 நூல்களோடு ஒரு பொது வாசிகசாலையாக மலர்ந்தது. அதுவே வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமாகி, 1959இல் தனக்கென எழுந்த அழகிய மாளிகையிற் குடிபுகுந்தது. அந்த நூலகத்தை அமைப்பதற்கு ஆலோசனை வழங்கியவர் ரங்கநாதனே.

பின்னர் நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். 1981ஆம் ஆண்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டிய நாட்களில், மே 31ஆம் திகதி இரவு முதல் யூன் 1 வரை, பொலிசாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் அந்த நூலகத்துக்குத் தீ வைத்தனர். 97,000 நூல்கள் எரிந்தன என்கிறோம். அந்த எண்ணிக்கை நமக்கு மனப்பாடம். ஆனால் அவை எவை என்று ஒருவர் கேட்டால், அரிய ஏடுகள், பழைய பத்திரிகைகள் என்று பொதுவாகச் சொல்லி, ஒரு சில பெயர்களோடு நின்றுவிடுகிறோம். எரிந்த நூலுக்காக அழலாம். பெயர் தெரியாத நூலைத் தேடிப்பிடித்து மீட்பது எப்படி?

கொட்டன் நூலகத்தை இங்கே மீண்டும் நினைவுகூர்வது பொருந்தும். 1731 ஒக்ரோபரில் அதுவும் தீப்பற்றியது. பேவுல்ப் காவியத்தின் ஒரேயொரு பிரதி அன்றுதான் விளிம்பு கருகியது. மறு ஆண்டு வெளியான விசாரணை அறிக்கை, 958 கையெழுத்துப் பிரதிகளில் 114 அழிந்தன அல்லது முற்றாகக் கெட்டன, 98 சேதமடைந்தன என்று கணக்குக் காட்டியது. அவ்வளவு திட்டமாகக் கணக்கிட முடிந்தது எவ்வாறு? தோமஸ் சிமித் என்பவர் 1696இலேயே அந்த நூலகத்தின் பட்டியலை அச்சிட்டிருந்தார். அதன் பிரதிகள் வேறு வீடுகளிலும் வேறு நூலகங்களிலும் இருந்தன. நூலகம் எரிந்தது. அதன் ஞாபகம் எரியவில்லை.

நமது மொழிக்கும் அத்தகைய முன்னோர் இருந்திருக்கிறார்கள். இலங்கையிலும் பணியாற்றிய ஜோன் மேர்டொக் என்ற பாதிரியார், அச்சேறிய தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகுத்து 1865இல் சென்னையில் ஒரு பட்டியலை வெளியிட்டார். பிரித்தானிய நூதனசாலையின் தமிழ் நூல்களுக்கு பார்னெற்றும் போப்பும் தயாரித்த பட்டியல் 1909இல் வந்தது. அக்காலத்து நூல் ஒன்று ஒருகால் இருந்ததா, எங்கே அச்சாயிற்று என்று அறிய விரும்பும் ஆய்வாளர் இன்றும் அவற்றைத்தான் புரட்டுகிறார்.

காலம் மாறிவிட்டது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பட்டியலைக் கணினிக்கு ஏற்றும் முயற்சி தொடங்கிற்று. உலக நூலகங்களுக்கு அட்டைகளை அச்சிட்டு அனுப்பி வந்த ஓ.சீ.எல்.சீ. என்ற அமெரிக்க நிறுவனம், 2015 ஒக்ரோபர் முதலாந் திகதி தன் கடைசி அட்டையை அச்சிட்டது. விளையாட்டுக் கடுதாசியில் தொடங்கிய பயணம் அங்கே முடிவுற்றது. ஒரு பட்டியலைப் பிரதிசெய்து தேசம் கடந்து அனுப்ப இன்று ஒரு நிமிடம் போதும். ஆனால் அனுப்புவதற்கு முதலில் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும்.

எனவே நேயர்களே, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலையிலும், பாடசாலை நூலகத்திலும், உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கும் நூல்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எண்ணுவதோடு நின்றுவிடாமல், நூலின் பெயர், ஆசிரியர், அச்சிட்ட இடம், ஆண்டு என்னும் நான்கையும் எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை அந்தக் கூரைக்கு வெளியே, இன்னோர் ஊரில், இன்னொருவர் கையில் கொடுத்து வையுங்கள். கலிமாக்கசுக்கு வாய்க்காததும் பான் கூவினால் சீனர்களுக்கு வாய்த்ததும் இந்த இரண்டாவது பிரதிதான்.